பனியில் வைத்த பாதி

பெரியப்பா ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது முற்பகல்தான். ஆனாலும் மலையை மூடியிருந்த பனிமூட்டத்தில் எதிரே நின்ற பழைய மனநோய் மருத்துவமனை கண்ணுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கையில் உம்பாஃபா முள்கிளை. வாசல் காவலாளி அந்தக் கிளையைப் பார்த்ததும் பெயர்கூடக் கேட்காமல் எழுந்து நின்று வழி விட்டார். அது எதற்கான கிளை என்று எங்கள் ஸூலு நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெளியூரில் செத்தவனின் ஆவியை அதில் ஏற்றித்தான் வீட்டுக்கு அழைத்துப் போவோம்.

"பெரியப்பா, ஷூ மேல இந்த நீல உறைய மாட்டிக்கணும்."

"எதுக்குடி?"

"கிருமி உள்ள வந்துடக் கூடாது."

"நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர், ரோஷத்தோடு. ஆனாலும் மாட்டிக்கொண்டார்.

என் அண்ணன் டுமிசானியை ஏற்கெனவே ஒருமுறை அழைத்துப் போயாயிற்று. எதிரே இருக்கும் வார்டில்தான் அவன் நிமோனியாவில் போனான். பெரியப்பா இதே மாதிரிக் கிளையோடு வந்து, அவன் கட்டிலைத் தொட்டுக் கூப்பிட்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே ஊருக்குக் கொண்டுபோனார். அடக்கமும் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் அவன் முழுசாகப் போகவில்லை. அது அன்று எனக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியாது.

மனநோய் எங்கிருந்து வருகிறது என்று மூளையிலும் மரபணுவிலும் தேடுவதுதான் எங்கள் வேலை. டுமிசானிக்கு இருபத்திரண்டு வயதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அவனால்தான். மருந்து வேலை செய்து தெளிவாக இருந்த ஒரு வருஷத்தில், செத்தபின் தன் மூளையை எங்களுக்குத் தருவதாக அவனே சொன்னான்.

"பாதி எடுத்துக்கோங்க. மீதிப் பாதி எனக்கு வேணும். அங்க போய் தாத்தாமாரோட பேசணும்ல?" என்று சிரித்தான்.

சொன்னபடியே செய்தோம். பாதியை உடலோடு அனுப்பினோம். பாதி எங்கள் ஃப்ரீசரில், கை பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிரில் இருந்தது. அதே தட்டில் ஒரு சின்னக் குழாயில் என் ரத்தம். நோயாளியின் குடும்பத்து ரத்தமும் வேண்டும் என்பதால் கொடுத்திருந்தேன். அம்மா மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டாள். "என் ரத்தம் என் ஒடம்போடவே இருக்கட்டும்" என்றாள்.

என் குழாயை நான் இன்னும் சோதிக்கவில்லை. சோதித்தாலும் ஆமாம், இல்லை என்று பதில் வராது. இந்த நோய் ஒரு மரபணுவின் வேலை இல்லை. நூற்றுக்கணக்கான சின்னத் தள்ளல்கள் சேர்ந்து ஒருவனைக் கவிழ்க்கின்றன. ஆனால் கூடப்பிறந்தவளுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஊர் முழுக்க இதைப் படம் போட்டு விளக்கியவள் நான். என் விஷயத்தில் மட்டும் குழாயை அந்தத் தட்டின் மூலையில் தள்ளிவைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அது தொடங்கியது.

ஃப்ரீசர் அறையில் தனியாக இருந்தேன். இயந்திரத்தின் உறுமல் சட்டென்று அடங்கியது. மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து, குளிரில் பல் கிட்டிப்போனவன் பேசுவது போல, அண்ணன் குரல் வந்தது.

"நொம்புசோ, என் மீதிய எப்ப…"

அவ்வளவுதான். வாக்கியம் பாதியில் நின்றது.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. பக்கத்து மேசைக்காரி ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டபடி தலை நிமிராமல் இருந்தாள். உனக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் நான் யார், அண்ணனின் தங்கைதானே? கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பேயாக இருக்கட்டும் கடவுளே, நோயாக மட்டும் இருக்க வேண்டாம் என்று வேண்டினேன். படித்தவள் வேண்டுகிற வேண்டுதலா அது?

பிறகு அம்மா போன் செய்தாள்.

"நொம்பு, டுமிசானி வாசலுக்கு வரான்டி. உள்ள வர மாட்டேங்குறான். ஒரே பேச்சத் திரும்பத் திரும்பச் சொல்றான்."

"என்னன்னு?"

"'கொண்டாந்து சேப்ப?' அப்டிங்குறான். முன்னால ஒண்ணும் கிடையாது, பின்னால ஒண்ணும் கிடையாது. எதக் கொண்டாந்து சேக்கணுமாம்?"

இரண்டு பாதிகளையும் நான் மனதுக்குள் சேர்த்துப் பார்த்தேன். 'என் மீதிய எப்பக் கொண்டாந்து சேப்ப?' அதன்பிறகும் சந்தேகம் விடவில்லை. அம்மாவும் அதே ரத்தம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கேட்பதைத்தான் எங்கள் துறை பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறது.

பெரியப்பாவிடம் பாதி மூளை விஷயத்தைச் சொன்னேன். என்னை நன்றாகத் திட்டினார். பிறகு கிளை வெட்டப் போனார்.

இப்போது, நீல உறை மாட்டிய அவரை உள்ளே அழைத்துப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன். வெண்புகை வழிந்து எங்கள் காலைச் சுற்றியது. அவர் முள்கிளையைத் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, எங்கள் குலப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் குரல் நடுங்கியது.

"எங்க ரத்தமே, இந்தக் குளிர்ல இருந்தது போதும். எழுந்து வா. வீட்டுக்குப் போவோம்."

கிளை ஒருமுறை கீழே இழுபட்டது, யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை. கிளையைச் சுமப்பவர் வீடு சேரும்வரை இறந்தவனோடு மட்டும்தான் பேச வேண்டும். "டுமிசானி, படி இறங்குறோம். டுமிசானி, வண்டி நிக்குது, ஏறிக்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

டாக்ஸிக்காரர் க்சாபா எங்கள் ஊர்க்காரர் இல்லை. எங்களுக்கு எந்த வழியிலும் உறவும் இல்லை. கொம்பி வேனின் பின்வரிசையில் பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும் இடம். நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரியாதைக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார். மலை இறங்கி வெகுதூரம் வந்தபின் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தங்கச்சி, கூட்டிட்டுப் போறது ஒருத்தரத்தானே?" என்றார் தணிந்த குரலில்.

"ஆமாண்ணே. எங்க அண்ணன்."

"அப்ப அவரு பக்கத்துல யாரு?"

"ஏண்ணே அப்டிக் கேக்குறீங்க?"

"பெரியவரு மூச்சு போக இன்னும் ரெண்டு மூச்சு கேக்குது. பல்லு வேற கிட்டுது. ஜன்னல் கண்ணாடியப் பாரு."

திரும்பினேன். பெரியப்பா இந்த ஓரத்தில் இருந்தார். அந்த ஓரத்து ஜன்னலில், அடுத்தடுத்து, இரண்டு இடத்தில் மூச்சுப் பட்ட வெள்ளை வட்டங்கள். மங்கின. மீண்டும் வெளுத்தன.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். இந்த மனிதர் என் ரத்தம் இல்லை. இவருக்கும் கேட்கிறது. நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே. உங்களுக்குக் கேக்குதுதானே?"

"பைத்தியமா உனக்கு? இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"இல்லண்ணே, பைத்தியம் இல்ல" என்றேன்.

அப்புறம்தான் அவர் கேட்ட கேள்வி எனக்கு உறைத்தது. இரண்டாவது மூச்சு யாருடையது?

"பெரியப்பா, யாரக் கூப்டீங்க?"

அவர் பதில் சொல்லக் கூடாது. முள் கையில் குத்தி ரத்தம் வருவதுகூடத் தெரியாமல் கிளையை இறுக்கிப் பிடித்திருந்தார். முன்னால் துகேலா ஆற்றுப் பாலம் வந்தது. அவர் பக்கத்து இருக்கைகளைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"பிள்ளைங்களா, ஆறு தாண்டுறோம். பயப்படாதீங்க."

பிள்ளைங்களா என்றார்.

வீட்டை அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பட்டியில் டுமிசானிக்காக ஓர் ஆடு கட்டியிருந்தார்கள். அம்மா வட்டக் குடிசையின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பெரியப்பா உள்ளே போய், முன்னோர்களுக்கான பின்சுவர் ஓரத்தில் கிளையைக் கிடத்தினார்.

"வந்துட்டேம்மா" என்றது அண்ணன் குரல். இந்த முறை அறுபடவில்லை. அம்மாவும் நானும் ஒன்றாகக் கேட்டோம். அம்மா ஓவென்று அழுதாள். அவன் முழுசாக வந்துவிட்டான்.

ஆனால் அம்மா கதவை விடவில்லை.

"நீயும் உள்ள வாம்மா" என்றாள், வெளியே பார்த்து.

"யாரம்மா கூப்புடுற?"

"அவன் பின்னாடி வந்த பொண்ணு. வாசல்லயே நிக்குறா. தலையெல்லாம் பனி. வெடவெடன்னு நடுங்குறா, பாவம்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் வாசலைப் பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது.

'எங்க ரத்தமே, எழுந்து வா' என்றுதானே பெரியப்பா கூப்பிட்டார்.

அண்ணனின் பாதியோடு அதே தட்டில் இருந்த என் குழாய் நினைவுக்கு வந்தது. வாசலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃப்ரீசர் குளிர் மட்டும் முகத்தில் அடித்தது.

"அம்மா, அது…" என்று தொடங்கினேன். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. வாய் திறந்திருந்தது, நாக்கு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"நான்தான்" என்று முடித்தது என் குரல், கதவுக்கு வெளியே இருந்து.