லெட்சுமணனுக்கு வைத்த தண்ணீர்

“நாலாவது தடவ நானா, நாலாவது தடவ! ஒரு மெஷின திருத்த மனுசன் எத்தன தடவ வருவான்?”

“அதுக்கு நான் என்னத்த செய்ற அண்ணே? பில்டர் மாத்தியாச்சு, மெம்பிரேன் மாத்தியாச்சு, மோட்டர் மாத்தியாச்சு. இன்டைக்கு டேங்கும் புதுசு. இனி மாத்த ஈக்கிறது இந்த ஊடு மட்டும்தான்!”

“அப்ப தண்ணி எங்கய்யா போகுது?”

“அதத்தானே நானும் கேக்குறேன்!”

பிரேமிளா முன்னறையில் கணவனின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். குசினியில் கத்துகிற இருவரில் ஒருவன் அவளுடைய கொழுந்தன் ரவிகுமார். மற்றவன், ரவிகுமார் நானா என்று கூப்பிடுகிற ஷப்ராஸ். எட்டு மாதத்துக்கு முன் அக்குறணையில் இருந்து வந்து, இந்த வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினைப் பூட்டிக்கொடுத்தவன். அவர்கள் கத்துவது அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. வாயை மூடினால் அந்தச் சத்தம் கேட்கும். சிங்குக்குக் கீழே, பலகைக் கதவுக்குப் பின்னால், தொண்டைக்குள்ளேயே முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்பது நாளாக மோட்டர் நிற்கவில்லை.

அந்த மெஷினில் பெரிய சூத்திரம் எதுவும் கிடையாது. குழாய்த் தண்ணீர் ஒரு பக்கத்தால் உள்ளே போகும். நல்ல தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நீல டேங்கில் சேரும். கழிவுத் தண்ணீர் மெல்லிய ரியூப் வழியாக வாளியில் விழும், அதை வைத்துத் தரை துடைக்கலாம். பத்து லீற்றர் டேங்க். நிரம்பினால் மோட்டர் தானாக நின்றுவிடும். தெல்தெனிய ரோட்டில் இருந்து மேலே ஏறுகிற அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுத் தண்ணீரும் கெட்டித் தண்ணீர்தான், கேத்தலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும். அதனால்தான் மெஷினே வாங்கினார்கள். இப்போது மூன்று கிழமையாக மழையும் இல்லை. மேலே கூரைத் தாங்கியில் இருப்பதையும் இந்த மெஷின் இராப்பகலாக இழுத்துக்கொண்டிருந்தது. டேங்க் மட்டும் நிரம்பவில்லை.

“அக்கா, ஒருக்கா வாங்களே,” என்று ஷப்ராஸ் கூப்பிட்டான்.

அவள் போய் நின்றாள். அவன் தரையில் முழங்காலூன்றி, டேங்கின் கழுத்தில் இருந்த நீலப் பிடியைத் திருப்பி மூடினான். ஒரு மூச்சு விடும் நேரத்தில் மோட்டர் நின்றது. “பாத்தீங்களா? மெஷின் நல்லம்.” ரியூபைக் கழற்றி ஒரு சட்டிக்குள் விட்டான். நூல் மாதிரி தண்ணீர் வந்தது. “வாரதும் சரி.” திரும்பப் பூட்டி, பிடியைத் திறந்தான். மோட்டர் முனகத் தொடங்கியது. அரை மணித்தியாலம் மூன்று பேரும் டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் டேங்கை ஒரே கையால் தூக்கிக் காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் விரித்திருந்த பேப்பர் காய்ந்துபோய் மொறுமொறுவென்று கிடந்தது.

ஷப்ராஸ் டேங்கில் காதை வைத்தான்.

“என்னா நானா, உள்ள பாட்டு படிக்குதா?” என்றான் ரவிகுமார்.

ஷப்ராஸ் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த களை மெல்ல வடிவதைப் பிரேமிளா பார்த்தாள். காதை எடுத்து, உள்ளங்கையால் அதைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா… இந்த ஊட்டுல யாராச்சும் தண்ணி கேட்டுக்கேட்டு மௌத்தானாங்களா?”

ரவிகுமார்தான் சொன்னான். “எங்க அண்ணன். பதிமூனு நாளாச்சு. செத்தவரு எத்தன தடவ கேட்டாருன்னு அண்ணிக்கிட்டயே கேளுங்க.”

“ரவி!”

“பொய்யா அண்ணி? குசினி குழா கைப்பிடிய கழட்டி தலகாணிக்கு கீழ வச்சிக்கிட்டு படுத்தீங்களா, இல்லியா?”

வைத்துக்கொண்டுதான் படுத்தாள். லெட்சுமணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. கிழமைக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான், அதற்கு மேலே போனால் மூச்சு முட்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிரேமிளா ஒரு பழைய நெல்லி கோடியல் சர்பத் போத்தலை எடுத்து, கறுப்புப் பேனையால் கோடு போட்டாள். அந்தக் கோடு வரைக்கும்தான் ஒரு நாள் முழுக்க. அவர் கெஞ்சினார், திட்டினார், அழுதார். ஈரத் துவாயை வாயில் வைத்து உறிஞ்சினார். “ஒரு மொடக்கு புள்ள, ஒரே ஒரு மொடக்கு,” என்று அவர் கேட்டபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவரைச் சாகவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள். ஆனால் கடைசியில் அவர் செத்தது தண்ணீரால்தான். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் கோத்திருந்தது. குடிக்கக் கொடுத்தீர்களா என்று டொக்டர் கேட்டபோது, சாமி மேல் சத்தியமாக இல்லை என்றாள்.

ஷப்ராஸ் சாமான்களை அவசரமாகப் பையில் போட்டான். “இது நான் திருத்துற சாமான் இல்ல அக்கா. கோவிக்க வேணாம்.” ஒரு ஸ்பானரைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போனான். பைக் சத்தம் ஒழுங்கையில் இறங்கி மறைந்தது. கருமாதிக்குச் சொல்லிவைத்த பூசாரியை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ரவிகுமாரும் இறங்கிவிட்டான். பின்னேரம் நாலரை மணி இருக்கும்.

வீட்டில் பிரேமிளாவும் மகள் தர்ஷனாவும் மட்டும். தர்ஷனாவுக்குப் பதினொரு வயது. நேற்றில் இருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்பு அலுப்பாக இருக்கிறது என்று படுத்தே கிடந்தாள்.

பிரேமிளா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் செம்பு. செத்தவருக்குத் தாகம் எடுக்கும், கருமாதி முடியும் வரைக்கும் செம்பில் தண்ணீர் வைத்து, காலையில் மரத்தடியில் ஊற்றிவிட்டுப் புதுசாக வைக்கவேண்டும். அவர்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற முறை அது. மூன்றாம் நாள் காலையில் ஊற்ற எடுத்தால் செம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. “ஒன் புருசன் வந்து குடிச்சிட்டு போயிருக்காரு, புண்ணியவதி,” என்று பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா கண்ணைத் துடைத்தாள். பிரேமிளாவுக்கும் அன்றைக்கு மனம் குளிர்ந்தது. அடுத்த நாள்தான் மோட்டர் நிற்காமல் ஓடத் தொடங்கியது.

இப்போது அவள் வெறும் செம்பைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த போத்தலைப் பார்த்தாள். கோடு போட்ட போத்தல். பதிமூன்று நாளும் அவள் கை பழக்கத்தில் அந்தப் போத்தலைத்தான் எடுத்திருக்கிறது. கோடு வரைக்கும் நிரப்பி, குனிந்து மட்டம் பார்த்து, ஒரு சொட்டும் கூடாமல் செம்பில் ஊற்றியிருக்கிறாள்.

செத்தவருக்கும் அளந்து வைத்திருக்கிறாள்.

அறைக்குள் இருந்து தர்ஷனா கூப்பிட்டாள்.

“அம்மா, தண்ணி.”

அது இன்றைக்கு எத்தனையாவது தடவை என்று அவள் அப்போதுதான் யோசித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அறையில் வெயிலில் காய்ந்த துணியின் மணம். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பி நாக்கில் தட்டினாள்.

“எவ்வளவு குடிச்சாலும் பத்தல அம்மா.”

“என்னா செய்யுது பாப்பா? வயித்து வலியா?”

“இல்ல. நீங்க ஏசமாட்டீங்கன்னா சொல்றேன்.”

“ஏசல. சொல்லு.”

“அப்பாவுக்கு நான்தான் தண்ணி குடுப்பேன். நீங்க தூங்குனதும். பாத்ரூம் குழாயில புடிச்சி. பாவமா இருந்திச்சி.” பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “நீங்க குடுக்க மாட்டீங்கன்னு அவரு எங்கிட்டதான் கேப்பாரு.”

அவர் நுரையீரலில் இருந்த தண்ணீர் யார் கொடுத்தது என்று பிரேமிளாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு அது ஒருநாளும் தெரியக்கூடாது. தலையைத் தடவினாள். முடி வைக்கோல் மாதிரி இருந்தது.

“நல்ல காரியந்தான் பாப்பா செஞ்ச. அழாத.”

“அழல. அழுகை வருது, கண்ணுல தண்ணி வரல.” அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். “அப்பா இன்னும் கேக்குறாரு அம்மா. நான் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பிரிட்ஜ் நடுங்கி அடங்கியது. வெளியே வானம் கறுத்திருந்ததால் வீட்டுக்குள் ஐந்து மணிக்கே சாம்பல் நிறம் பரவியது. மோட்டரும் நின்றிருக்கவேண்டும். கரண்ட் இல்லாமல் மோட்டர் ஓடாது. ஆனால் குசினியில் சத்தம் நிற்கவில்லை. மோட்டரின் முனகல் போனபிறகு, இத்தனை நாளும் அதற்கு அடியில் மறைந்து கிடந்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மடக். மடக். மடக். பிறகு ஒரு இடைவெளி. அவசரமாகக் குடிக்கிற மனுசன் மூச்சு வாங்க நிறுத்துகிற இடைவெளி. திரும்பவும் மடக், மடக்.

அவள் ஓடினாள். குழாயை முழுதாகத் திறந்து, வாளியைப் பிடித்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து செம்பில் ஊற்றினாள். செம்பு வழியவில்லை. திரும்ப ஊற்றினாள். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் இறங்கியது.

“குடிங்க! இனி அளக்க மாட்டேன். வேணுங்கிற மட்டும் குடிங்க. எங்கிட்ட கேளுங்க. எங்கிட்ட மட்டும் கேளுங்க!”

படத்தில் லெட்சுமணன் சிரித்தபடியே இருந்தார்.

இரண்டாவது வாளி. மூன்றாவது. நான்காவதில் குழாய் இருமியது. கூரைத் தாங்கி காலி. கேத்தலைப் பார்த்தாள். காலி. பிரிட்ஜில் இருந்த போத்தல்கள் காலி, மூடி திறக்கவே இல்லை. படத்துக்குப் போட்ட மாலை, காலையில் வாங்கியது, சருகாகத் தொங்கியது. தன் வாயில் எச்சில் இருக்கிறதா என்று நாக்கால் தேடினாள்.

ரவிகுமாருக்குப் போன் எடுத்தாள். “வர்றோம் அண்ணி, பஸ் இல்ல, ஆட்டோ பாக்குறேன்,” என்றான். அதற்குப் பிறகு லைன் இல்லை.

அப்போதுதான் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

பிறகு பத்து. பிறகு எண்ண முடியாத அளவு. மூன்று கிழமை தேக்கி வைத்ததை எல்லாம் மலை ஒரேயடியாக இறக்கியது. மண் மணம் வீட்டுக்குள் வந்தது. பிரேமிளா வாய்விட்டு அழுதாள். மழை. யாரும் அளக்க முடியாத தண்ணீர். யார் குடித்தாலும் தீராத தண்ணீர். பிள்ளையை வாரி எடுத்தாள். பதினொரு வயதுப் பிள்ளை, கையில் பாரமே தெரியவில்லை. முன்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, சீமெந்துத் தரையில் அவளை உட்காரவைத்தாள்.

“வாயத் தொற பாப்பா! தொற!”

பிள்ளை வாயைத் திறந்தாள்.

மழை பிரேமிளாவின் தலையில் அடித்தது. சேலை உடம்போடு ஒட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

தர்ஷனாவின் சட்டை நனையவில்லை.

முடி நனையவில்லை. நாக்கு நனையவில்லை. அவளைச் சுற்றிச் சீமெந்துத் தரை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. பிரேமிளா இரண்டு கையையும் குவித்து மழையைப் பிடித்தாள். நிரம்பியது. பிள்ளையின் உதட்டுக்குக் கொண்டுபோனாள். உதட்டைத் தொடும் முன் கை காய்ந்திருந்தது. திரும்பப் பிடித்தாள். காய்ந்தது. திரும்ப.

“அப்பா மொதல்ல குடிக்கட்டும் அம்மா,” என்றாள் பிள்ளை. குரல் சருகு உரசுவது மாதிரி இருந்தது. “அவருக்குத்தான் ரொம்ப தாகம்.”

அப்போது பிரேமிளா பார்த்தாள்.

பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு காய்ந்த இடம். பெரியது. அதற்கு நேர் மேலே மழை வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு துளியும் தரைக்கு இறங்கவில்லை. தெறிக்கவும் இல்லை, வழியவும் இல்லை. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற உயரத்தில் மழை முடிந்துபோனது. வீங்கிய கால். வீங்கிய வயிறு. அண்ணாந்த தலை. பிள்ளையின் தோளைச் சுற்றி ஒரு கை.

மடக். மடக். மூச்சு. மடக்.

அந்த இடம் பெருத்துக்கொண்டே வந்தது. பிள்ளை சிறுத்துக்கொண்டே போனாள். கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. ஒழுங்கை எல்லாம் வெள்ளம், மதகெல்லாம் வெள்ளம், பிரேமிளாவின் கணுக்கால் வரைக்கும் வெள்ளம். நடுவில் அந்த இரண்டு இடம் மட்டும் எலும்பு மாதிரிக் காய்ந்து.

அவள் இன்னும் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பிள்ளை இன்னும் மூச்சு விடுகிறாள். தாகத்தோடு போனவரைப் போதும் என்று சொல்லவைக்க ஒரு வழி, ஏதாவது ஒரு முறை, இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். இப்போதே எழுதுங்கள்.