காணாமல் போன கடல்

"ஐயோ...! ஓடி வாங்களேன்...!"

பெருக்குகிற அம்மாவின் அலறலில் அந்த நூலகமே அதிர்ந்தது.

அரிய புத்தக அறையில் நூலகர் குப்புறக் கிடந்தார். மேஜை முனை கிழித்த மண்டையிலிருந்து ரத்தம்; மூச்சு இல்லை! மேஜை மேல் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், நாற்பது தீவு சுற்றிய ஒரு கடல் பயணி எழுதியது. கையால் வண்ணம் பூசிய நாற்பது படங்கள்.

பதினேழாவது படத்தைக் காணோம்!

இன்ஸ்பெக்டர் வந்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னார். வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஏழு பேரின் பைகளையும் குடைந்தார்.

ஒன்றும் தேறவில்லை.

கடைசியில் பைண்டரம்மாவைக் கூப்பிட்டார். பழைய புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவள். அந்த வாட்ச்மேனின் பெண்டாட்டி. பத்தொன்பது வருஷ சர்வீசில் அவள் கையில் ஒரு தாள் கிழிந்ததில்லை.

"புத்தகத்தை வெளில எடுத்தது யாரும்மா?"

"ஐயாதான் சார். இன்னைக்கு நான் தையலைப் பார்க்கணும்னு காலைலயே எடுத்து வெச்சிருந்தாரு."

"பிளேடால வெட்டியிருக்கான். அந்தப் பிளேடைத்தான் காணோம்."

பேசாமல் இருந்திருக்கலாம். தொழில் கர்வம் விட்டால்தானே!

"பிளேடு இல்ல சார். ஓரத்தைப் பாருங்க, எப்படிப் பிசிறு பிசிறா இருக்கு! தையல் நூலை எச்சில்ல நனைச்சு, மடிப்புல வெச்சு மூடிடணும். பத்து நிமிஷத்துல தாள் ஊறிடும். இழுத்தா சத்தமில்லாம வந்துடும்."

"அடேங்கப்பா...! இந்த வித்தை யாருக்கெல்லாம் தெரியும்?"

"இங்க... எனக்கு மட்டும்தான்."

சொல்லும்போதே உறைத்தது.

இன்னொருவனுக்கும் தெரியும். வீட்டில் அவள் பழைய தாள்களைப் பிரிக்கும்போது எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பவனுக்கு!

கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. ஆளுக்கு வேர்த்துக் கொட்டியது.

பாவி மனுஷா... என்ன காரியம் பண்ணிவிட்டாய்!

"அப்ப நீதானா?" இன்ஸ்பெக்டர் மரியாதையைக் குறைத்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு அப்பா என்றால் உயிர். அம்மா ஜெயிலுக்குப் போனால் தாங்கிக்கொள்வாள்; அப்பா போனால் தாங்க மாட்டாள். விலங்குக்குக் கையை நீட்டிவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

அப்போதுதான் புருஷன் தொண்டையைக் கனைத்தான்.

"சொல்லவே நாக்கு கூசுது சார்... வீட்லயும் இவ இந்த வேலையைத்தான் பார்ப்பா. காலைல எட்டரைக்கே இந்த ரூமுக்குள்ள போனா. என் கண்ணால பார்த்தேன்!"

எட்டரைக்கு அவள் வீட்டில் இவனுக்குத்தான் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

நீட்டவிருந்த கையை இழுத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"சார்... ஏழு பேரையும் சோதிச்சீங்க. உங்க கூடவே நின்ன இவரை யாரு சோதிச்சா?"

"என்னம்மா சொல்றே?"

"அந்தப் படம் முழுக்கக் கடல் சார். கையால பூசின நீலம். ஈரம் பட்டா சாயம் இறங்கிடும். இவருக்கு எப்படி வேர்க்குது பாருங்க... சட்டையைக் கழட்டச் சொல்லுங்க!"

"ஏய்...! உனக்கென்ன பைத்தியமாடி?"

பின்வாங்கியவனைக் கான்ஸ்டபிள் பிடித்து இழுத்தார். பட்டன்கள் தெறித்தன.

பனியனெல்லாம் நீலம்! உள்ளே, வயிற்றோடு ஒட்டிய தாளில் ஒரு கப்பல் மட்டும் மிச்சமிருந்தது.

"கொல்லணும்னு தள்ளலை சார்... விக்கலாம்னு படத்தை உருவும்போது திடீர்னு வந்து நின்னுட்டாரு..."

விலங்கு மாட்டினார்கள். அவன் அவளை முறைத்தான்.

"கட்டின புருஷனையே காட்டிக் குடுத்துட்டியேடி!"

"உங்களுக்காகத்தாங்க வாயை மூடிட்டு நின்னேன். திறந்தது நீங்க."

அவன் வயிற்றிலிருந்து அந்தத் தாளை நுனி கிழியாமல் பதமாக உரித்தெடுத்து, இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இதை எழுதின மனுஷன் நாப்பது தீவு சுத்திட்டு வந்தாரு. உங்களால உங்க கேட்டையே தாண்ட முடியலையேங்க!"