ஓடைக்கு அந்தப் பக்கம்

கராஜின் கதவு மேலே சுருண்டது.

ஜூடித் அலறினாள்.

உள்ளே அவளுடைய அக்கா கரோலின் ஹெஸ்ஸி குப்புறக் கிடந்தாள். வீட்டு அங்கி. ஒரு காலில் மட்டும் செருப்பு. பக்கத்தில் பனி அள்ளும் மண்வெட்டி... விளிம்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

மில்பர்ன் பள்ளி வாரியத்தின் தலைவி அவள். முந்தின நாள் மாலைதான் ஊரையே இரண்டாகப் பிளந்திருந்தாள், ஒரே ஒரு கோட்டால்.

ஓடைக்கு மேற்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ரிட்ஜ்வியூ உயர்நிலைப் பள்ளி. கிழக்கே இருப்பவர்களுக்கு நெடுஞ்சாலை தாண்டி டன்மோர். ரிட்ஜ்வியூவில் நீச்சல் குளம் உண்டு. பெரிய கல்லூரிகளிலிருந்து ஆள் தேடி வருவார்கள். டன்மோரில் கூரை ஒழுகும். அவ்வளவுதான் வித்தியாசம்!

சார்ஜென்ட் ரூத் நோவாக் வந்து சேர்வதற்குள் அவளுடைய உதவியாளன் கேரிட்டி கொலைகாரியைப் பிடித்தே விட்டான்.

"யோலாண்டா பிரைஸ், மேடம். ஓடைக்குக் கிழக்கே அந்த அபார்ட்மென்ட்ல இருக்கா. முதியோர் இல்லத்துல வேலை. நேத்து கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு, 'இதுக்கு நீ அனுபவிப்பே கரோலின்'னு சொன்னா. மைக்கை அணைச்சப்புறமும் சொன்னா."

"ஊர்ல பாதிப் பேர் அதைத்தானே மனசுக்குள்ள சொல்லியிருப்பாங்க?"

"இவ வாய்விட்டுச் சொல்லிட்டாளே மேடம்."

ஸ்டேஷனில் யோலாண்டா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"கொன்னீங்களா?" என்றாள் ரூத்.

"இல்லை. கொல்லணும்னு நினைச்சேன். நினைச்சதுக்கும் கேஸ் உண்டா?"

"காலையில ஏழு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கிட்டிருந்தேன். சாட்சிக்கு என் தலையணையைத்தான் கூப்பிடணும்."

சட்டென்று மேஜை மேல் குனிந்தாள்.

"மேடம்... நான் உள்ளே போயிட்டா என் பொண்ணை அரசாங்கம் தூக்கிட்டுப் போயிடும். அவளுக்கு என்னை விட்டா யாருமில்லை. நாளைக்கு அந்த டன்மோருக்காவது அவளைக் கொண்டு போய் விடறதுக்கு நான் வேணும்."

ரூத் எழுந்தாள். மறுபடியும் கரோலினின் கராஜுக்குப் போனாள்.

கார். சைக்கிள். சுவரோரமாகச் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டி. மூடியைத் தூக்கினாள். நாற்றம் மட்டும் மிச்சம். தொட்டி காலி.

"கேரிட்டி, இங்கே குப்பை லாரி எப்ப வரும்?"

"செவ்வாய்க்கிழமை. இன்னைக்குத்தான் மேடம். பத்து மணி வாக்குல வந்துட்டுப் போச்சு."

"சாவு எப்போன்னார் டாக்டர்?"

"ஏழு மணி சுமாருக்கு."

"அப்போ தெருவோரம் நின்ன காலித் தொட்டியை உள்ளே தள்ளிட்டு வந்தது யாரு? கரோலினா?"

கேரிட்டி தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"தள்ளிட்டு வந்த ஆள் பிணத்தைத் தாண்டித்தான் வந்திருக்கணும். பார்த்திருக்கான். போலீஸுக்குச் சொல்லலை. கதவை மூடிட்டுப் போயிட்டான்."

"கொலைகாரனுக்கு எதுக்கு மேடம் குப்பைத் தொட்டி?"

"நீ அபார்ட்மென்ட்லதானே குடியிருக்கே?"

"ஆமா."

"அதான் உனக்குப் புரியலை. யோலாண்டாவுக்கும் புரியாது."

அந்தத் தெருவின் சட்டம் அப்படி. குப்பை நாளில் வீட்டுக்கு வீடு தனித் தொட்டி தெருவோரம் நிற்கும். லாரி போன பிறகு காலித் தொட்டி யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து அபராதம் வரும். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தால்கூடத் தெரியாது. தொட்டி வெளியே நின்றால் தெரு முழுக்கத் தெரியும். அதனால் ஒருவர் தொட்டியை இன்னொருவர் உள்ளே தள்ளி வைப்பார்கள். கராஜ் கதவின் ரகசிய எண் அண்டை வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ரூத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அழுத்தினாள்.

வால்ட் ஹெண்ட்ரிக்ஸ் கதவைத் திறந்தான். 'ஓடையே எல்லை' என்று ஊரெல்லாம் சிவப்புப் பலகை நட்டவன் அவன்தான். அபார்ட்மென்ட் பிள்ளைகள் வந்தால் ரிட்ஜ்வியூ கெட்டுவிடும் என்பதைத் தேன் தடவிச் சொல்லத் தெரிந்தவன். இன்று அவன் புல்வெளியில் ஒரு பலகையும் இல்லை. பிடுங்கிய குழிகள்தான் இருந்தன. ரூத் அவற்றைக் கவனித்தாள்.

"பாவம் மேடம், நல்ல பொம்பளை," என்றான் வால்ட். "அந்த அபார்ட்மென்ட்காரியைச் சும்மா விடாதீங்க."

"விடமாட்டோம். நான் வேற விஷயமா வந்தேன். உங்க சங்கத்துல ஒரு புகாராம். கரோலின் வீட்டுத் தொட்டி மத்தியானம் வரைக்கும் தெருவுலயே கிடந்துச்சாம். செத்தவங்களுக்கு அபராதம் போடலாமான்னு கேக்கறாங்க."

வால்ட்டுக்கு முகம் சிவந்தது.

"எந்த மடையன் சொன்னான்? லாரி போன கையோட நான் உள்ளே வெச்சுட்டேன். எத்தனை வருஷமா அவ தொட்டியை நான்தான் வைக்கிறேன். ஒரு வாரம் தவறினதில்லை..."

நிறுத்தினான்.

ரொம்பத் தாமதமாக நிறுத்தினான்!

"உள்ளேன்னா... கராஜுக்குள்ளேயா?" என்றாள் ரூத். "அவங்களைத் தாண்டிப் போயா?"

வால்ட் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கை தானா போச்சு," என்றான் மெதுவாக. "செவ்வாய்க்கிழமைன்னா கை தானா போயிடும்."

"எதுக்குக் கொன்னீங்க? நீங்க கேட்ட ஓடைதானே கிடைச்சுது?"

"அந்த ஓடை இந்தத் தெருவுக்கு அடியில குழாயில போகுது மேடம். வீடு கட்டினப்போ மூடினது, யாருக்கும் ஞாபகமில்லை. நேத்து வரைபடத்தைத் திரையில போட்டாங்க. அவ வீடு மேற்கு. என் வீடு கிழக்கு."

சிரிப்பை அடக்க ரூத் உதட்டைக் கடித்தாள்.

"என் பையன் அடுத்த வருஷம் ரிட்ஜ்வியூ நீச்சல் அணிக்குக் கேப்டன். கடைசி வருஷம். அந்தப் பள்ளிக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினேன். வாரியம் ஓட்டுப் போட்டதும் எழுந்து வந்துட்டேன். போனை அணைச்சுட்டேன். காலையில அவகிட்ட போய்க் கேட்டா... சிரிக்கிறா. 'ஓடையைக் கேட்டது நீதானே வால்ட்'ங்கறா. அப்புறம் ஏதோ சொல்ல வந்தா. அதுக்குள்ள மண்வெட்டி என் கையில இருந்துச்சு."

அவன் பல்லைக் கடித்தான்.

"எனக்குத் துரோகம் செஞ்சா. கூலி கொடுத்தேன். வருத்தமே இல்லை."

ஸ்டேஷன் வாசலில் விலங்கோடு வால்ட் உள்ளே வந்தான். கைப்பையோடு யோலாண்டா வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

நின்றாள்.

"ஹெண்ட்ரிக்ஸ் சார், ஒரு நிமிஷம். நேத்து ஓட்டு முடிஞ்சதும் கதவை அறைஞ்சுட்டுப் போனீங்களே. நான் கடைசி வரைக்கும் இருந்தேன். உங்களை மாதிரி ஆளுங்க போனப்புறம்தான் எங்க தலையில என்ன விழுதுன்னு தெரியும்."

"அதுக்கென்ன இப்போ?"

"நீங்க போனப்புறம் கரோலின் இன்னொரு தீர்மானம் கொண்டு வந்தா. கடைசி வருஷப் பிள்ளைங்க, எந்தப் பக்கத்து வீடா இருந்தாலும், பழைய பள்ளியிலேயே படிச்சு முடிக்கலாம். எல்லாரும் கை தூக்கினாங்க. 'வால்ட் பையன் முகத்தை நாளைக்கு நான் பார்க்கணுமில்ல'ன்னு அவளே சொன்னா."

வால்ட் ரூத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என் பொண்ணு இப்பதான் ஒன்பதாவது. எங்களுக்கு அது உதவாது சார். உங்களுக்குத்தான்."

"அவ... காலையில சொல்ல வந்தது..."

"அதுவாத்தான் இருக்கும்."

வால்ட் வந்த வழியே திரும்பி நடந்தான். கேரிட்டி இழுத்துப் பிடித்தான். யோலாண்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. காலை முதல் கொலைகாரி என்று பெயர் வாங்கியவளுக்குக் குளிராமல் எப்படி இருக்கும்?

"வாரியத்துல ஒரு நாற்காலி காலியாமே," என்றாள் ரூத்திடம். "நான் நிக்கப் போறேன் மேடம். கோட்டை இன்னொரு தரம் பார்க்கணும்."

"என்னை எங்கே கொண்டு போறீங்க?" வால்ட் முனகினான்.

"மாவட்டச் சிறைக்கு," என்றான் கேரிட்டி.

யோலாண்டா வாசற்படியில் திரும்பிப் பார்த்தாள்.

"கவலைப்படாதீங்க சார். அங்கே எல்லைக் கோடெல்லாம் கிடையாது... ஓடைக்கு எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் சேர்த்துப்பாங்க!"