ஈ மொய்க்காத பழத்தோல்

காலையில் அவள் மேசையில் மறந்து வைத்த பழத்தோலில் மத்தியானம் வரை ஓர் ஈகூட உட்காரவில்லை. தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் பூச்சி தின்னும் செடிகளைப் பராமரிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக ஈயோடும் கொசுவோடும் மல்லுக்கு நின்றவளுக்கு அந்த அமைதி நல்லதாகப் படவில்லை. யோசித்துப் பார்த்தால், எறும்புச் சாரை கண்ணில் பட்டு நாலைந்து நாளாயிற்று. பல்லிகள் போன வாரமே காணோம். பல்லி பிடிக்க வரும் பூனை நேற்று முழுக்க வரவில்லை. ஊற்றி வைத்த பால் அப்படியே திரிந்து கிடந்தது.

கடைசி வரிசையில் ஒரு குடுவைச் செடி இருந்தது. தேன் வாசனை காட்டிப் பூச்சியை உள்ளே வழுக்கி விழவைத்து, அடியில் தேங்கிய நீரில் கரைத்துக் குடிக்கிற இனம். கைமுட்டி அளவிருந்த அதன் குடுவை ஒன்று மூன்றே வாரத்தில் பீப்பாய் அளவுக்குப் பருத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது. உரத்தை அள்ளிக் கொட்டியிருப்பாய் என்று மேலதிகாரி சிரித்ததோடு சரி.

அன்று தோட்டத்துக்கு வார விடுமுறை. அந்த வரிசையில் குழாய் கசிந்ததால், குழாய் வேலை பார்க்கும் தன் தம்பியை அவளே வரச்சொல்லியிருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவன் வழக்கம்போல் வம்பிழுத்தான்.

"பூச்சியத் திங்கிற செடிய ஆடு தின்னா, அந்த ஆடு சைவமா அசைவமாக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனை உள்ளே அனுப்பிவிட்டு, புதுக் குழாய்மூடி எடுக்கக் கிடங்குக்குப் போனாள். அங்கிருந்தே அவன் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, கண்ணாடியில் ஆவி படிந்து வெளிச்சம் பாசி நிறத்தில் கசிய, இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, முற்றிய தேனின் வாசனையும் அதற்கடியில் நனைந்த துணி மக்கிய வாடையும் சேர்ந்து வந்து அவள் முகத்தில் மோதின. தம்பி என்று கூப்பிட்டாள். பை தரையில் கிடந்தது. பக்கத்தில் அவன் செருப்பு.

குடுவைக்குள் மார்பளவு இறங்கி நின்றான். கண்கள் பாதி மூடியிருந்தன.

"வெதுவெதுன்னு இருக்குக்கா. கொஞ்ச நேரம் விடு."

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வழுக்கியது. கயிறு கட்டி இழுத்தாள். அவன் அசையவில்லை. கத்தினாள், வாசலில்கூட ஆள் இல்லை. தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். இருபது நிமிடம். அவன் இப்போது தோள் வரை இறங்கியிருந்தான்.

கிளை அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். குடுவையின் பக்கவாட்டில் வைத்து அறுத்தாள்.

அவன் அலறினான்.

"வெட்டாதக்கா. வலிக்குது."

"உம்மேல படலடா."

"எனக்குத்தான் வலிக்குது."

அறுத்த இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. சூடாக இருந்தது. விரலால் கீறலை விலக்கிப் பார்த்தாள். இடுப்பு தெரிந்தது. அதற்குக் கீழே கால்கள் இல்லை. வெள்ளை வேர்கள். அவன் மூச்சுக்கு ஏற்ப அவை ஏறின. இறங்கின.

ரம்பம் கைநழுவி விழுந்தது. குடுவையின் மூடி மெல்லத் தாழ ஆரம்பித்தது. அவள் தோளைக் கொடுத்துத் தாங்கினாள். இரண்டு கையாலும் அவன் கையைப் பற்றினாள்.

"பொண்ண ஸ்கூல்லேருந்து நீ கூட்டிட்டு வந்துடு," என்றான். குரலில் தூக்கம்.

"நீயே போவடா. நீயே போவ."

மூடி இறங்கியது. பாரத்தில் அவள் முழங்கால் மடங்கியது. அவள் விடவில்லை. பிடிக்குள் இருந்த கை, விரல் விரலாக இளகிக்கொண்டே வந்தது.