பின் இருக்கை காலி

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மூன்று தடவை துடைத்த பிறகுதான், அந்தக் கைத்தடம் உள்ளே இருக்கிறது என்பது மெஹ்ஜபினுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூர் வேலம்பாளையத்தில், வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த அவர்களுடைய நிட்டிங் கம்பெனிக்கு அன்றைக்கு விடுமுறை. வாரமெல்லாம் இரவு பகல் பாராமல் சுற்றி, பேசுகிறவர்களைக் கத்த வைக்கும் மெஷின்கள் ஓய்ந்து கிடந்தன. ஷெட்டிலிருந்து எண்ணெயும் பஞ்சுத்தூசும் கலந்த வாசனை மட்டும் வாசல்வரை வந்து நின்றது, சாயப்பட்டறைப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் அதோடு ஒரு கசப்பும் சேர்ந்துகொண்டது. தகரக் கூரையின் நிழல் எட்டாத இடத்தில் அந்த வெள்ளைக் கார் நின்றது. வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. சாவி என்று தனியாக எதுவும் அதற்குக் கிடையாது. காரைத் தயாரித்த நித்தீஷின் போன்தான் சாவி, அது கோயம்புத்தூரில் அவன் பாக்கெட்டில் இருந்தது. இரண்டு நாளாக அந்தக் கதவை யாரும் திறந்திருக்க முடியாது.

பின்கதவுக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், கறுப்பு ஃபிலிமுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன உள்ளங்கை. மெஹ்ஜபின் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். முழுசாக மறைந்துபோனது. ஐந்து வயசுக் குழந்தையின் கை, அவளுடைய மஹ்னூரின் கை அளவு. ஆனால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் மற்ற விரல்களைப் போல உருண்டையாக இல்லாமல், கத்தரித்து விட்டதுபோலச் சதுரமாக இருந்தது. அவள் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிக்கொண்டு, காரிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள்.

பத்து மணிக்கு நித்தீஷ் வந்தான். அவன் தொடங்கிய மின்சாரக் கார் கம்பெனியில் மெஹ்ஜபினின் கணவன் ஷாரிக்கும், பனியன் தொழிலில் இருக்கும் இன்னும் மூன்று பேரும் முதலீடு செய்திருந்தார்கள். இந்தக் காரை விற்பனைக்கு விடலாமா என்று இன்றைக்கு இவர்கள் சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர்கள் வாய்தா கேட்கிறவர்கள் அல்ல, மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு தெரிந்துவிடும்.

நித்தீஷ் போனைத் தட்டியதும் கதவு திறந்தது. உள்ளிருந்து புது பிளாஸ்டிக் வாசனையோடு சூடான காற்று வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. விளையாடிவிட்டு வந்த குழந்தையின் தலை வாசனை, தேங்காயெண்ணெயும் வியர்வையும்.

"உள்ள யாருங்க தம்பி கைய வெச்சது?"

"ஃபேக்டரில யாராச்சும் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க அக்கா. துடைச்சாப் போயிருமுங்க."

துடைத்தாள். போய்விட்டது. நித்தீஷ் காரின் உள்கூரையில் பதித்திருந்த வட்டமான ஒரு வில்லையைக் காட்டினான். பின் இருக்கையில் குழந்தையை விட்டுவிட்டு யாராவது இறங்கிப் போனால் அது கண்டுபிடித்துவிடுமாம். குழந்தை தூங்கினாலும், போர்வைக்குள் இருந்தாலும், மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பிடித்துவிடுமாம். இந்த விலையில் வேறு எந்த வண்டியிலும் இது கிடையாது என்றான்.

"உள்ள இருக்கிற குழந்தை கதவைத் திறந்துட்டு வர முடியுங்களா?"

"முடியாதுங்க அக்கா. பின்கதவு ரெண்டும் சைல்டு லாக். ஓடுற வண்டில குழந்தை திறந்துறக் கூடாதுல்லீங்க? நான் போனோட நாலடி தள்ளிப் போனா வண்டி தானே பூட்டிக்கும். எல்லாம் சேஃப்டிக்குத்தானுங்க."

அவர்கள் நாலடி தள்ளிப் போனார்கள். கார் தானே பூட்டிக்கொண்டது. சில நிமிஷம் கழித்து ஹாரன் அடித்தது. நித்தீஷின் போனிலிருந்து ஒரு பெண்குரல் ரொம்பவும் மரியாதையாகச் சொன்னது: "பின் இருக்கையில் ஒருவர் இருக்கிறார்."

திரையில் ஒரு பச்சைக் கோடு சின்னச் சின்ன மேடாக ஏறி இறங்கி ஓடியது. மூச்சு. இருவரும் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். யாருமில்லை. "வெயில்ல நின்னா இப்படித் தப்பாக் காட்டுது அக்கா, ஒரு மாசமா இதே ரோதனைங்க" என்று நித்தீஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் தொற்றவில்லை.

மாடி அறையில் கூட்டம் தொடங்கியது. ஏசி ஓட, ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள், கம்பெனியில் ஓடுவது புகையில்லாத வண்டியா என்று கேட்க ஆரம்பித்துவிட்டதையும், இன்னும் இரண்டு வருஷத்தில் இங்கே பாதிக் கம்பெனி வாசலில் மின்சார வண்டிதான் நிற்கும் என்பதையும் நித்தீஷ் சுவரில் படம் படமாகக் காட்டினான். எக்ஸ்போர்ட்டர் குமாரசாமி, கூட்டத்தில் மூத்தவர், தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஹாரன். "பின் இருக்கையில் ஒருவர் இருக்கிறார்."

இந்தத் தடவை மெஹ்ஜபின் தனியாகவே நித்தீஷின் போனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கதவைத் திறந்தாள். காலி. மூடப் போனவள் நின்றாள். இருக்கையின் நடுவில் மெத்தை வட்டமாக அமுங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, மெல்ல எழும்பி, சமமானது. யாரோ அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள்.

கதவை அறைந்து சாத்தினாள். "மஹ்னூர்" என்று கூப்பிட்டாள். ரோஸ் கவுன் போட்டிருந்த குழந்தை ஷெட்டுக்குள்ளிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். நூல் கோன் மாட்டும் ஸ்டாண்டில் விளையாடியிருக்கிறாள், கம்பி கீறி ஆள்காட்டி விரல் நுனியில் ரத்தம். முதலுதவிப் பெட்டியில் அகலமான வெள்ளை பிளாஸ்திரிதான் இருந்தது. மெஹ்ஜபின் அதைச் சதுரமாகக் கத்தரித்து விரல் நுனியில் ஒட்டினாள். ஒட்டும்போது ஏதோ ஒன்று நினைவுக்கு வரப் பார்த்தது. மேலிருந்து ஷாரிக் கூப்பிட்டதும் அது நழுவிவிட்டது.

"ஊட்டுக்குப் போ கண்ணு. நூர்ஜான் மாமி சோறாக்கிட்டு இருக்காங்க, அவுங்க கூடவே இரு. இந்தக் காருகிட்ட வரக் கூடாது. என்ன?"

"அதுக்குள்ள பாப்பா இருக்குதாம்மா?"

"யாரு சொன்னது?"

"காருதான் சொல்லுச்சு."

மூன்றாவது தடவை ஹாரன் அடித்தபோது எல்லோருமே இறங்கி வந்தார்கள். "ஏனுங் தம்பி, வண்டியோட ஒரு ஆளையும் சேர்த்தே விக்கறீங்களா?" என்று குமாரசாமி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அனல் போகட்டும் என்று நித்தீஷ் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்தான். குமாரசாமி பின் இருக்கையில் உட்கார்ந்து, கால் நீட்ட இடம் போதுமா என்று பார்த்து இறங்கினார். பேச்சு பேட்டரிக்குப் போய், சார்ஜ் போடும் செலவுக்குப் போய், காரின் இந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. வீட்டுப் பக்கம் ஒரு ரோஸ் கவுன் திரும்பிப் போனதை மெஹ்ஜபின் பார்த்தாள். பார்த்ததாக நினைத்தாள். பேச்சு சுவாரசியத்தில் உள்ளே பார்க்காமலே கதவுகளைச் சாத்திக்கொண்டு மாடியேறினார்கள். பின்னால் கார் பூட்டிக்கொள்ளும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

"இது சும்மா சும்மா கத்துச்சுன்னா ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டுருவானுங்க. அதோட கதை முடிஞ்சுது" என்றார் குமாரசாமி. "மெஷின் ஓட்டறது நீதான கண்ணு, நீ என்ன சொல்றே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்கும். தூசி அடைத்து அது பொய்யாகவும் நிற்கும். அப்படி அடிக்கடி நிற்கிற மெஷினில் திருப்பூர் முழுக்க என்ன செய்வார்களோ, அதையே அவள் சொன்னாள்.

"நாங்க சென்சார் ஒயரைக் கழட்டி விட்டுருவோமுங்க. ஒரு கண்ணு வெச்சுப் பாத்துக்குவோம். ஹாரனை எடுத்துருங்க தம்பி. போன்ல மட்டும் காட்டட்டும், போதும்."

தொழில் தெரிந்தவள் சொன்னதுபோல இருந்தது. உண்மையில் அவளால் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க முடியாது, அவ்வளவுதான். நித்தீஷ் எதையோ மாற்றிவிட்டு, போனை மேஜையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான்.

சத்தமில்லாமல் எழுத்து வந்தது. பின் இருக்கை: ஒருவர்.

"பாருங்க, மறுபடியும்" என்றான் நித்தீஷ். யாரும் எழுந்திருக்கவில்லை.

பச்சைக் கோடு ஓடியது. இப்போது மேடுகள் நெருக்கமாக இருந்தன. அவளைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த வருஷம் எத்தனை வண்டி, ஈரோட்டில் ஷோரூம் போடலாமா, விலையை எங்கே நிறுத்துவது. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எங்கோ கீழே டப், டப் என்று ஒரு சத்தம். ஏசித் தண்ணீர் கூரைத் தகரத்தில் சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். தினமும் சொட்டுவதுதான்.

டப். டப். டப். அவசரமாகச் சொட்டியது.

கோடு படபடத்தது.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனுங்க" என்று எழுந்தாள்.

"மெஹ்ஜபின்." ஷாரிக் குரலை உயர்த்தவில்லை. "எத்தனை தடவை? எல்லாரும் இருக்காங்க. உக்காரு."

குமாரசாமி புன்னகையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தாள். குழந்தை வீட்டில் இருக்கிறாள், மாமியோடு இருக்கிறாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மேடுகள் தணிந்தன. இடைவெளி விட்டன. ஒன்று. அப்புறம் வெகுநேரம் கழித்து ஒன்று.

சொட்டுச் சத்தம் நின்றது.

கோடு நேரானது. நேராகவே ஓடியது. திரையில் எழுத்து மாறியது.

பின் இருக்கை: காலி.

"ஆச்சுங்க" என்று நித்தீஷ் நாற்காலியில் நிமிர்ந்தான். "காலையிலிருந்து இப்பத்தான் சரியாக் காட்டுது." ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஷாரிக் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

கதவு திறந்தது. ஷாரிக்கின் அக்கா நூர்ஜான், பிரியாணி அண்டாவை இறக்கிவிட்டு வந்த மூச்சோடு நின்றாள்.

"எல்லாரும் சாப்பிட வாங்க. மஹ்னூரையும் எழுப்பிக் கூட்டிட்டு வா மெஹ்ஜபின். இங்கதான தூங்குறா?"

அறையில் கைதட்டல் இன்னும் முழுசாக ஓயவில்லை.

"உங்ககிட்டத்தான அனுப்பிச்சேன் மதினி."

"எங்கிட்டயா? காலைல இருந்து ஊட்டுப் பக்கமே வரலையே அவ."

சதுரமான விரல் நுனி.

மெஹ்ஜபின் எழுந்தாள். நாற்காலி விழுந்தது. படிகள். கைப்பிடிக் கம்பி சுட்டது. படிக்குப் பக்கத்தில் கூரைத் தகரம், வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

காய்ந்து கிடந்தது.

முற்றம். வெள்ளைக் கார். கறுப்புக் கண்ணாடி. அதில், காலையில் அவளே துடைத்த அதே இடத்தில், ஒரு சின்ன உள்ளங்கை. ஆள்காட்டி விரல் சதுரமாக. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. கண்ணாடி முழுக்க.

"திற" என்றாள். கதவைப் பிடித்து இழுத்தாள். "திறங்க தம்பி."

பூட்டு விட்டது. தேங்காயெண்ணெய், வியர்வை. அந்த வாசனை. அவள் குனிந்து, ரோஸ் கவுனை அள்ளி எடுத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் தலை அவள் முழங்கையில் சாய்ந்தது. உடம்பு சுட்டது. ஷாரிக் கன்னத்தில் தட்டினான், பேர் சொல்லிக் கூப்பிட்டான், நெஞ்சை அமுக்கினான், வாயில் ஊதினான். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். நூர்ஜான் தண்ணீர் கொண்டு வந்து, அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றாள். மெஹ்ஜபின் தன் காதைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். ஒன்றுமில்லை.

அப்போது நித்தீஷின் கையில் திரை ஒளிர்ந்தது.

அவன் ஹாரனை எடுத்துவிட்டிருந்தான். குரலையும் எடுத்துவிட்டிருந்தான். இருந்தும் அந்தக் குரல், அதே மரியாதையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

"பின் இருக்கையில் ஒருவர் இருக்கிறார்."

பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. நெருக்கமாக இல்லை. நிதானமாக, சீராக, அயர்ந்து தூங்குகிற குழந்தையின் மூச்சாக.

மெஹ்ஜபின் மகளை மடியில் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பினாள். காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. இருக்கையின் நடுவில் மெத்தை வட்டமாக அமுங்கியிருந்தது. அது எழும்பும் எழும்பும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழும்பவில்லை.