பன்னிரண்டாம் கட்டிலில் இரண்டு பேர்

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்காக அவளைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரியில், பழைய நோயாளிப் பதிவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவளிடமே சொல்லிச் சிரித்தேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். திங்கட்கிழமை புதிய அமைப்பைத் திறக்க வேண்டும். அன்றைக்கே அவளையும் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதிவறைக்குள் நுழைந்தேன். கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. பினாயிலும் பழைய காகிதமும் சேர்ந்த ஒரு வாசனை தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்த எழுத்தருக்குக் காகிதத் தூசி ஆகாது. நாள் முழுக்கத் தும்முவார். அதனால் ஆஸ்பத்திரி முழுவதும் அவருக்குத் 'தும்மல்' என்றே பெயர்.

சிக்கல் தேதிகளில் இருந்தது. இருபது வருடப் பதிவுகளை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஏற்றியிருந்தார்கள். தும்மல் நாளை முன்னால் போடுவார். ஓய்வு பெற்றுப் போன இன்னொருவர் மாதத்தை முன்னால் போட்டிருக்கிறார். 05/06 என்றால் ஜூன் ஐந்தா, மே ஆறா என்பது ஏற்றியவருக்கே வெளிச்சம். பழைய கணினி கொடுத்ததையெல்லாம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. புதியது கறார். ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிக்கு முன்பே வீட்டுக்குப் போனதாகவோ இறந்ததாகவோ இருந்தால் அந்தப் பதிவைத் துப்பிவிடும். அப்படித் துப்பியவை ஆயிரத்து நானூறு சொச்சம்.

அந்தக் கறாரையே நான் பிடித்துக்கொண்டேன். தேதிகள் ஒன்றோடொன்று இடித்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், இடிக்காமல் வந்தால் அதுவே சரி. கையோடு இன்னொரு விதியும் எழுதி வைத்தேன். பிறந்த குழந்தைகளின் பதிவில் விலாசம் காலியாக இருந்தது. ஒரே கட்டிலில் இருவர் இருந்து ஒருவருக்கு விலாசம் இல்லையென்றால், மற்றவரின் விலாசத்தையே எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு மதியத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டன.

ஒன்றைத் தவிர.

பெண். வயது முப்பத்தொன்று. மூன்றாவது மாடி, பன்னிரண்டாம் கட்டில். சேர்ந்தது 09/08, இறந்தது 08/07. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரே வருடம். விலாசம் இல்லை.

நாளை முன்னால் வைத்தால் ஜூலை எட்டில் இறந்தவள் ஆகஸ்ட் ஒன்பதில் சேர்ந்திருக்கிறாள். மாதத்தை முன்னால் வைத்தால் ஆகஸ்ட் ஏழில் இறந்து செப்டம்பர் எட்டில் சேர்ந்திருக்கிறாள். ஒரு தேதியை அப்படியும் இன்னொன்றை இப்படியுமாகக் கலந்தும் பார்த்தேன்.

எப்படிப் புரட்டினாலும் இறந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க மேடம்," என்றார் தும்மல். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணு பாக்கி இருந்தாலும் நாளைக்குத் திறக்க முடியாது. இதுல எந்தத் தேதி தப்பு?"

"ரெண்டுமே சரி. நான்தான் ஏத்தினேன்."

"அது எப்படி சரியாகும்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஜூலைல அந்தக் கட்டில்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. கேட்டு யாரும் வரல. ஒரு மாசம் கழிச்சு, பட்டப்பகல்ல, காலிக் கட்டில்ல மணி அடிச்சிருக்கு. புதுசா வந்த நர்ஸ் போய்ப் பாத்தா அதே பொண்ணு படுத்திருக்கு. அவங்களுக்கு என்ன தெரியும்? புது நோயாளின்னு நெனச்சு சீட்டு எழுதிட்டாங்க. டாக்டர் வர்றதுக்குள்ள கட்டில் காலி. ஆனா அதே பேர்ல சீட்டு எங்கிட்ட வந்துடுச்சே, அவளோட பழைய பதிவுலயே சேர்ந்த தேதி மாறி ஏறிடுச்சு. சீட்டு வந்தா ஏத்தணும், அதுதானே வேலை?"

"அவ ஏதாவது பேசினாளா?"

"வீட்டுக்கு எப்ப விடுவீங்கன்னு கேட்டாளாம்."

நான் சிரித்தேன். வேண்டுமென்றேதான் சிரித்தேன், ஏனென்றால் அக்கா படுத்திருந்ததும் பன்னிரண்டாம் கட்டில்தான். வேலையை முடித்தால் போதும் என்று இருந்தது. இறந்த தேதியை அழித்துக் காலியாக விட்டேன். பதிவு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. திரையில் எல்லாம் பச்சை.

மேலே ஏறினேன். வார்டு வாசலில் நர்ஸ் புதிய அமைப்பின் ஒத்திகைக்காக அச்செடுத்த பட்டியலோடு நின்றிருந்தாள்.

"மேடம், உங்க சிஸ்டம் பன்னிரண்டாம் கட்டில்ல ரெண்டு பேர்னு காட்டுது."

இறந்த தேதியும் இல்லை, வீட்டுக்குப் போன தேதியும் இல்லை என்றால், புதிய அமைப்பின் கணக்கில் அந்த ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறார். காலியிடம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பது கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு. அதை நான் செய்திருந்தேன்.

அக்கா கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவாள் போல ஒருக்களித்துக் கிடந்தாள்.

"ஏன்க்கா இப்படி ஓரமா படுத்திருக்க? தையல் பிரிஞ்சிடப் போகுது."

"மெதுவா பேசு," என்றாள். "இப்பதான் தூங்குறா. மதியத்துலேருந்து நின்னுக்கிட்டே இருந்தா, பாவம். நான்தான் படுத்துக்கோம்மான்னேன்."

அவளுக்குப் பின்னால் பாதி மெத்தை வெறுமையாக இருந்தது.

ஆனால் அமுங்கியிருந்தது.

தலையணையிலும் ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல என் பக்கம் திரும்பியது. பினாயிலை மீறிப் பழைய காகித வாசனை வந்தது. அக்காவின் கையைப் பிடித்தேன். ஐஸ்கட்டி. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"குளிருதுடி," என்றாள்.

நர்ஸைக் கூப்பிட்டு அக்காவை அவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். மூன்று மாடிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்.

பழைய இறப்புத் தேதியைத் திரும்பப் போட்டேன். துப்பியது. பதிவையே அழிக்கப் பார்த்தேன். கட்டிலில் இருப்பவரை அழிக்க முடியாது என்றது. இன்றைக்கு இறந்ததாகப் போட்டால் டாக்டரின் கையெழுத்து கேட்டது. எந்த டாக்டர் போடுவார்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். 'வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.'

"மேடம், யோசிச்சுப் பண்ணுங்க," என்றார் தும்மல்.

யோசிக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு அழுத்தினேன். எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

மேலே போனபோது அக்கா கட்டிலின் நடுவில் மல்லாந்து படுத்திருந்தாள். கை சூடாக இருந்தது. "போயிட்டாடி," என்றாள். "அவ முகத்தைப் பாக்கணுமே. அவ்வளவு சந்தோஷம்."

திங்கட்கிழமை காலை புதிய அமைப்பு திறந்தது. பதினோரு மணிக்கு அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து டாக்சியில் ஏற்றினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று பையில் சாவியைத் துழாவும்போது போன் அடித்தது. தும்மல்.

"மேடம், அந்தப் பதிவுல விலாசம் ஏதாவது போட்டீங்களா?"

"இல்லையே. காலியாதான் விட்டேன்."

"இப்ப ஒரு விலாசம் இருக்கு." அவர் வாசித்தார். கதவு எண், தெரு, மாடி. நான் எதிரில் இருந்த கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழந்தைகளுக்காக நான் எழுதிய விதி. எழுதியதை எழுதியபடியே செய்திருந்தது.

அதற்குள் அக்கா என் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து பழைய காகித வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை நான் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுப் போன அவளுடைய படுக்கை கூடத்திலிருந்தே தெரிந்தது.

ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல அடிமேல் அடி வைத்து உள்ளே போனாள். படுக்கையின் விளிம்பில் மெல்லச் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"நேத்தே வந்துட்டா போலிருக்குடி."