ஷட்டர் இறங்கிய சத்தம்

ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற காரின் பானட், காலை ஆறு மணிக்குச் சூடாக இருக்கக் கூடாது. இருந்தது.

சாலமோன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. கல்மண்டபத்துத் தெருவில் மார்கழிப் பனி இறங்கியிருந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போன ஐஸ் வண்டிகள் சொட்டிய ஈரம் ரோட்டில் இன்னும் காயவில்லை. ஷெட்டின் சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிப் பாதத்தைக் கடித்தது. கார் மட்டும் சூடு.

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவன்தான் அணைத்தான். பட்டனை அழுத்தி, 'ரெடி' என்ற பச்சை எழுத்து மறைவதைப் பார்த்து, இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனான். மூன்று மாதமாக அப்படித்தான். அது என்ன புதுப் பழக்கம் என்று மனைவி பெர்சிஸ் கேட்டபோது, விலை கூடின வண்டி, பார்த்துத்தான் வைக்கணும் என்று சொல்லி மழுப்பினான். பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவளிடம் அவன் மறைத்தது அந்த ஒன்றைத்தான்.

மணலி புதுநகரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அவனுக்கு வேலை. போக ஒன்றரை மணி நேரம், வர அதற்கு மேலும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூரிலிருந்தே வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்கு நடுவே பத்தடி நகர்ந்து பத்து நிமிஷம் நிற்பதுதான் அவனுடைய தினசரிப் பயணம். அதற்காகத்தான் ஹைபிரிட் கார் வாங்கினான். மற்ற வண்டிகள் நின்ற இடத்தில் உறுமிப் பெட்ரோலைக் குடிக்கும்போது, இது இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் சத்தமில்லாமல் ஊர்ந்தது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாகக் கிளம்பும். நிரப்பிவிட்டுத் தானாக அடங்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அந்த வண்டியின் அழகு.

கீழ் அறையில் குடியிருந்த பாரிதான் அதைக் கேலி செய்துகொண்டே இருப்பான். வியாசர்பாடிக்காரன், முப்பத்தொரு வயது, கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். "இன்னா சார் உன் வண்டி, பூன மாறி வந்து பின்னால நிக்குது. ஒரு நாளு நான் பயந்தே பூடுவேன் பாரு" என்பான்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. காரை ஷெட்டுக்குள் விடும்போதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏதோ டேங்கில் கசிவு. பேசிக்கொண்டே பையை எடுத்தான், பேசிக்கொண்டே இறங்கினான், பேசிக்கொண்டே ஷட்டரைத் தரையோடு இறக்கினான். உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் ஒரே வருஷத்தில் வண்டியைத் தின்றுவிடும் என்று அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் மூடி வைப்பார்கள். பட்டனை அழுத்த மறந்துபோனான். பழைய கார் என்றால் இன்ஜின் ஓடும் சத்தமே காட்டிக் கொடுத்திருக்கும். இது மூச்சுக் காட்டாமல் நின்றது. சாவி வண்டியை விட்டு விலகுகிறது என்று மூன்று முறை பீப் அடித்தது. அவன் காதில் விழவும் விழுந்தது. எங்கோ லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்தபடி மாடியேறிவிட்டான்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி பேட்டரியைக் குடித்தது. இன்ஜின் கிளம்பியது. அடங்கியது. மறுபடி கிளம்பியது. விடிய விடிய, மூடின ஷட்டருக்குள்.

ஷெட்டுக்கும் பாரியின் அறைக்கும் நடுச்சுவரில், கூரையோரம், ஒரு வெண்டிலேட்டர் உண்டு. அன்று அவனுக்கு வார லீவு; ராத்திரி அறையில்தான் படுத்திருந்தான்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அடுப்பைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. சாலமோனுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு ஓடிப்போய் பாரியின் கதவில் காதை வைத்தான். உள்ளே குறட்டை கேட்டது. நீளமாக, கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். உயிர் வந்தது அவனுக்கு. தூங்குகிறான். தட்டி எழுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எதற்கு? ஒரு பழைய சாக்கை எடுத்துப் புகையை விசிறி வெளியேற்றிவிட்டு வேலைக்குப் போனான்.

பதினொரு மணிக்கு பெர்சிஸ் போன் செய்தாள். பாரி செத்துக் கிடக்கிறான் என்றாள்.

யாரோ கூட்டிவந்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் காலத்தில் இந்த வயதில் அது சகஜம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பாரியின் அம்மா கெங்கம்மா மட்டும் அழாமல், ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து சாலமோனைப் பார்த்தாள்.

"எம்புள்ள கருப்பு, நைனா. நல்ல கருப்பு. செத்தப்பறம் இன்னாத்துக்கு இம்மாஞ் செவப்பா கீறான்?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். கன்னமும் உதடும் செக்கச்செவேல் என்று, வெயிலில் விளையாடிவிட்டு வந்து தூங்கும் குழந்தை மாதிரி. மூடின இடத்தில் இன்ஜின் புகையைச் சுவாசித்துச் செத்தவர்கள் இப்படித்தான் சிவப்பார்கள் என்று கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்; காலையில் கேட்டது தூக்கக் குறட்டை இல்லை. அன்று மாலையே லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும் நீல நைலான் கயிற்றை வாங்கி வந்து, ஷட்டரை மேலேயே நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினான். தூசி படிந்தால் படியட்டும் என்றான்.

இப்போது மூன்று மாதம் கழித்து பானட் சுடுகிறது.

அந்த வாரம் முழுக்கச் சுட்டது. திங்கட்கிழமை போட்ட பெட்ரோல் வியாழக்கிழமைக்குத் தாங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த பையன், வண்டியில் ஒரு குறையும் இல்லை, தினமும் ராத்திரி ஏழு பத்திலிருந்து காலை ஐந்து ஐம்பது வரைக்கும் வண்டி ஆனில்தான் இருக்கிறது, சார்தான் அணைக்க மறந்துவிடுகிறீர்கள் என்று மரியாதையாகச் சொன்னான். ஏழு பத்து. அந்தச் செப்டம்பர் புதன்கிழமை அவன் ஷட்டரை இறக்கிய நேரம். அன்றிரவு பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தான். காலையில் பானட் சுட்டது. ஒயர் கழற்றின இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வழியிலும் ஏதோ மாறியிருந்தது. எர்ணாவூர் பக்கம் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது இன்ஜின் கிளம்பும் விதம் முன்பு மாதிரி இல்லை. முதலில் ஒரு இழுப்பு. கரகரவென்று, நீளமாக. பிறகு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அவனும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பிறகு இன்னொரு இழுப்பு. ஏசியை அணைத்துவிட்டு, உரக் கம்பெனி நெடியும் டீசல் புகையும் உள்ளே வரக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினான்.

வீட்டில் வேறு பிரச்சினை. மகள் அனிஷா பத்தாம் வகுப்பு. மாடியில் டிவி சத்தத்தில் படிப்பு ஏறவில்லை, கீழே காலியாகக் கிடக்கும் அறையைக் கொடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூடாது என்றான் சாலமோன். ஏன் என்று பெர்சிஸ் கேட்டாள். செத்த வீடு என்றான். "வேதம் வாசிக்கிற மனுஷன் பேசுத பேச்சா இது?" என்று அவள் சிரித்தாள். அவர்கள் இருவரும் சாத்தான்குளத்துக்காரர்கள்; சென்னைக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் அவள் பேச்சில் ஊர் போகவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த கெங்கம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை. மாலை ஆறேகால். டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகள் அசையவில்லை. முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒரு கண்டெய்னர், இருட்டிக்கொண்டு வந்தது. கார் பேட்டரியில் நின்றது, அப்படியொரு நிசப்தம். தற்செயலாக டாஷ்போர்டின் திரையைப் பார்த்தான். இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது மட்டும் வரும் அம்புக்குறி.

இன்ஜின் ஓடவில்லை. ஸ்டியரிங்கில் அதிர்வு இல்லை. இறங்கிப் போய் பானட்டில் கை வைத்தான். எவ்வளவோ தூரம் வந்த வண்டி. பானட் ஜில்லென்று இருந்தது.

உள்ளே போன் அடித்தது. பெர்சிஸ்.

"என்னங்க, கீழ என்ன பண்ணுதிய? மேல வாங்க. நான் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பணும்."

"கீழயா? நான் டோல்கேட்டுலல்லா நிக்கேன்."

"வெளையாடாதிய. அப்பவே வந்துட்டியளே. ஷட்டர் இறக்குன சத்தம் கேட்டுச்சே."

அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஒன்று கேட்டது. ஒரு இழுப்பு. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. எதிரே திரையில் அம்புக்குறி அதே கணக்கில் விட்டு விட்டு ஓடியது.

"அனிஷா எங்க?"

பெர்சிஸ் சொன்னாள். மத்தியானமே அவள் கட்டிலையும் புத்தகங்களையும் கீழ் அறைக்கு மாற்றிவிட்டாளாம். வெள்ளையடித்துச் சுத்தமாக இருக்கிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைவலிக்கிறது என்று தாழ்ப்பாள் போட்டுப் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.

"எழுப்பு. இப்பவே எழுப்பி வெளிய கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் பாரியைச் சொல்ல வேண்டும். காலையில் கதவில் காதை வைத்துக் கேட்டதைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுப் போனதைச் சொல்ல வேண்டும்.

"சும்மாதான்" என்றான். "எழுப்பேன்."

அவள் படியிறங்கும் சத்தம் போனில் கேட்டது. நின்றது. கதவருகே குனிந்திருப்பாள். திரும்பப் பேசியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்லாத் தூங்குதாங்க. குறட்டை விடுதா, உங்கள மாதிரியே. பாவம், படிச்சு அலுத்துப்போன புள்ள. தூங்கட்டும். நான் போயிட்டு வாரேன்."

போன் அணைந்தது.

திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள் போனைப் பையில் போட்டுச் சத்தத்தை அணைத்துவிடுவாள். மறுபடி அடித்தான். இந்தத் தடவை சொல்லிவிடுவான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நூறடி தள்ளி ஒரு பைக்கை மறித்தான். "இன்னா சார், வண்டிய வுட்டுட்டு ஓடினுகீற?" என்றான் பைக்கில் வந்தவன்; சாலமோனின் முகத்தைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான். கடைகளின் வெளிச்சம் கரைந்து ஓடியது. எரியும் மீன் எண்ணெய் வாசனை, சர்ச் மணி, சந்து.

தெரு.

ஷட்டர் கீழே கிடந்தது. தரையோடு தரையாக. மேலே கம்பியில் நீலக் கயிறு தொங்கியது. நாலு முடிச்சும் அவிழ்ந்திருந்தது. அறுந்த மாதிரி இல்லை. பொறுமையாக அவிழ்த்த மாதிரி.

தூக்கினான். அடுப்பைத் திறந்த சூடு.

ஷெட் காலி. கார் இல்லை. கார் நிற்கும் இடத்துத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. பெட்ரோல் புகை கண்ணைக் கரித்தது. இருட்டுக்குள், இடுப்பு உயரத்தில், டாஷ்போர்டு இருக்க வேண்டிய இடத்தில், பச்சையாக ஒன்று மினுங்கி மறைந்தது.

கதவு. உள்தாழ்ப்பாள். குறட்டை கேட்டது. கேட்கிறது. இருக்கிறாள். இந்தத் தடவை காதை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. தோளால் இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

புது வெள்ளையடித்த சுவர். மேசையில் விரித்தபடி கணக்குப் புத்தகம். கட்டிலில் பள்ளிச் சீருடையோடு அனிஷா.

அனிஷா கருப்பு. அவனைப் போலவே நல்ல கருப்பு.

டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. வெயிலில் விளையாடிவிட்டு வந்து தூங்கும் குழந்தை மாதிரி.

மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டான். வாய் மூடியிருந்தது. மூக்கில் விரல் வைத்தான். மார்பில் காதை வைத்தான். ஒன்றும் அசையவில்லை.

குறட்டை மட்டும் நிற்கவில்லை.